கடைமடைக் கடைக்கும் இணைப்பு: இருந்த இடத்திலிருந்தே நெட்வொர்க்கைப் பராமரிக்க ஒரு வழிகாட்டி

திருத்துறைப்பூண்டியில் ஓர் உரக்கடை, மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை, வேதாரண்யத்தில் ஒரு இ-சேவை மையம். மூன்றின் நெட்வொர்க்கையும் கும்பகோணத்தில் உட்கார்ந்தபடி ஒரே ஆள் பார்த்துக்கொள்ள முடியும். வேறு வழியும் இல்லை. "நெட்டு வரலை" என்று போன் வந்ததும் பஸ் ஏறினால், வேதாரண்யம் போய்த் திரும்ப ஒரு பகல் போய்விடும். அங்கே போய்ப் பார்த்தால் யாரோ செல்போன் சார்ஜ் போடுவதற்காக ரூட்டர் பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதியது இது. ஐபி முகவரி, ரூட்டர், ஸ்விட்ச் என்றால் என்னவென்று மேலோட்டமாகத் தெரிந்திருந்தால் போதும்.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வயலிலேயே நின்று தேடுவதில்லை. மதகு திறந்திருக்கிறதா, வாய்க்காலில் எது வரை ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று கரையோடு நடந்து பார்ப்பார். நெட்வொர்க்கிலும் அதேதான். ஆனால் நம்மால் கரையில் நடக்க முடியாது. அங்கே இருக்கிறவரின் கண்ணையும் கையையும் கடன் வாங்கித்தான் நடக்க வேண்டும். அந்தக் கடனை எளிதாக வாங்க, முதலில் ஒரு தடவை நேரில் போய்ச் செய்து வைக்க வேண்டிய வேலைகள் உண்டு.

நேரில் போகும் அந்த ஒரு நாள்

முகவரித் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். பெட்டியிலிருந்து எடுத்த ரூட்டர் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்றே வரும். ஒரே கடை என்றால் பாதகமில்லை. மூன்று ஊர்களை ஒரே டனலில், அதாவது இணையத்துக்குள் போடும் பூட்டிய தனிவழியில், இணைக்கும்போது மூன்றிலும் 192.168.1 இருந்தால், எந்த ஊர்ப் பிரின்டரைக் கூப்பிடுகிறோம் என்று கணினிக்குத் தெரியாது. ஊருக்கு ஓர் எண் கொடுத்துவிடுங்கள். மன்னார்குடிக்கு 10.20.1, திருத்துறைப்பூண்டிக்கு 10.20.2, வேதாரண்யத்துக்கு 10.20.3. மாஸ்க், அதாவது முகவரியில் எது வரை ஊர் எண் என்று பிரித்துக் காட்டும் எண், எல்லா இடத்திலும் 255.255.255.0.

கடைசி எண்ணையும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி பிரியுங்கள். ரூட்டருக்கு 1, ஸ்விட்ச்களுக்கும் வைஃபை பெட்டிகளுக்கும் 2 முதல் 9 வரை, பிரின்டர்களுக்கு 10 முதல் 19 வரை, கேமராவுக்கும் அதன் காட்சியைப் பதியும் டிவிஆருக்கும் 20 முதல் 49 வரை, டிஎச்சிபி (கருவிகளுக்கு முகவரி விநியோகிக்கும் ரூட்டர் வசதி) தானாகக் கொடுப்பதற்கு 100 முதல் 199 வரை. ஆறு மாதம் கழித்து யாராவது போனில் 10.20.2.21 என்று சொன்னால், அது திருத்துறைப்பூண்டிக் கேமரா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பிரின்டருக்கு நிலையான முகவரியைப் பிரின்டரிலேயே அடிக்காமல், ரூட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் அதன் மேக் முகவரிக்கு (கருவியிலேயே பதிந்துவரும் அடையாள எண்) ஒதுக்கிவைப்பது நல்லது. பின்னால் மாற்ற வேண்டி வந்தால் ஒரே இடத்தில், அதுவும் வீட்டிலிருந்தே மாற்றிவிடலாம்.

அடுத்தது ஸ்டிக்கர். சின்ன வேலை, ஆனால் இதைப் போல் நேரம் மிச்சப்படுத்துவது வேறில்லை. ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் பெரிதாக 1, ரூட்டரில் 2, ஸ்விட்சில் 3 என்று ஒட்டுங்கள். ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். "மோடத்தைப் பாருங்க" என்றால் கடையில் இருப்பவர் எதைப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. "ரெண்டாம் நம்பர் பெட்டி" என்றால் குழப்பமே இல்லை. எல்லாம் சரியாக ஓடும்போது பெட்டிகளின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது எந்த விளக்கு எரிந்தது என்று தெரிந்தால்தான் நோயின்போது எது மாறியிருக்கிறது என்று தெரியும்.

மின்சாரம். ஓஎன்டியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மேலே 10,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு. பெருக்கினால் 37 வாட்-மணி. மாற்றும்போது போகும் இழப்பைக் கழித்தால் 31 கையில் நிற்கும். இரண்டு பெட்டியும் சேர்ந்து 15 வாட் எடுத்தால் இரண்டு மணி நேரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையிலிருந்து மாலை வரை நீளும். அதற்கு இது காணாது. பத்துப் பதினைந்து நிமிடம் போய் வரும் கரன்டுக்குப் போதும். பில் போடும் கணினியின் பயாஸில் (கணினி துவங்கும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்), மின்சாரம் திரும்பி வந்தால் தானே இயங்கும்படி வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஓர் அவசர வழி. ஃபைபர் செத்துவிட்டால் நமக்கும் உள்ளே போக வழி இருக்காது. அப்போது கடைக்காரரின் செல்போனை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு மாட்டி டெதரிங் (செல்போன் நெட்டைக் கணினிக்குப் பகிர்வது) போடச் சொன்னால், கணினி வழியாக உள்ளே போய் ரூட்டரை உள்பக்கத்திலிருந்து பார்க்கலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. வயர் இணைப்பில் இணையம் இல்லாவிட்டாலும் விண்டோஸ் அதன் கேட்வேயையே (வெளியே போகும் வாசல், இங்கே ரூட்டர்) முதலில் நம்பும். செல்போன் வழி சும்மா கிடக்கும். கேபிளைப் பிடுங்கினால் செல்போன் வேலை செய்யும், ஆனால் ரூட்டர் கண்ணுக்குத் தெரியாமல் போகும். இதற்கு முன்கூட்டியே வயர் இணைப்பின் ஐபி அமைப்பில் மேம்பட்ட பகுதிக்குள் போய், தானியங்கி மெட்ரிக் என்பதை எடுத்துவிட்டு 200 என்று கொடுங்கள். எண் பெரிதானால் முன்னுரிமை குறையும். செல்போன் மாட்டாத நாளில் இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது. மாட்டியதும் இணையம் செல்போன் வழியாகப் போகும், ரூட்டரும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

உள்ளே போகும் வழியை அமைப்பது

பழைய பாடங்களில் ரூட்டரில் ஒரு போர்ட்டை (எண் போட்ட நுழைவாசல்) திறந்துவிட்டு வெளியிலிருந்து வரலாம் என்று இருக்கும். இன்று பல இணைப்புகளில் அது நடக்காது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் கடைக்கெனப் பொது முகவரி கிடையாது. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதற்கென்றே 2012இல் ஒதுக்கிய எண் வரிசை அது. 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும் அதே கதைதான். சந்தேகமிருந்தால் ரூட்டரில் காட்டும் முகவரியையும், இணையத்தில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் வரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறென்றால் வெளியிலிருந்து கதவைத் தட்ட முடியாது.

வெளியிலிருந்து உள்ளே வர முடியாதென்றால், உள்ளிருந்து வெளியே ஒரு கயிறு போடச் சொல்ல வேண்டியதுதான். நிலையான பொது முகவரியுள்ள சின்ன சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு கடையும் அதை நோக்கித் தானே டனல் போடும்படி அமைக்கலாம். வயர்கார்டு என்ற டனல் மென்பொருள் இதற்கு எளிது, வேகமானது. செய்முறை இப்படி.

1. சர்வரில் வயர்கார்டை நிறுவி, யுடிபி 51820 போர்ட்டைத் திறந்து வையுங்கள். டனலுக்கென 10.99.0 வரிசையில் முகவரி கொடுங்கள், சர்வருக்கு 10.99.0.1.

2. கடை ரூட்டர் வயர்கார்டை ஏற்பதாக இருந்தால் அதிலேயே பொதுச் சாவி, தனிச் சாவி என்ற ஜோடியை உருவாக்குங்கள். மைக்ரோடிக் ரூட்டர்களில் ஏழாம் பதிப்பிலிருந்து உண்டு, ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருளிலும் உண்டு. பொதுச் சாவி மட்டும்தான் சர்வருக்குப் போக வேண்டும். தனிச் சாவி பிறந்த கருவியை விட்டு வெளியே வரக்கூடாது. வாட்ஸாப்பில் அனுப்பவே கூடாது.

3. கடைப் பக்கம், அனுமதிக்கும் முகவரிகள் என்ற இடத்தில் 10.99.0 வரிசையை மட்டும் எழுதுங்கள். எல்லாவற்றுக்குமான பூஜ்ஜியங்களை (0.0.0.0/0) போட்டால், கடையில் யூடியூப் பார்ப்பதுகூட உங்கள் வாடகை சர்வர் வழியாகச் சுற்றிவரும்.

4. சர்வர் பக்கம், ஒவ்வொரு கடைக்கும் அதன் டனல் முகவரியையும் அதன் 10.20 வரிசையையும் எழுதுங்கள். இரண்டு கடைகளுக்குத் தவறி ஒரே வரிசையை எழுதினால் வயர்கார்டு பிழை காட்டாது. கடைசியாக எழுதிய கடை அதைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும்.

5. கடைப் பக்கத்தில் 25 வினாடிக்கு ஒருமுறை உயிர்ப்புச் செய்தி அனுப்பும்படி வையுங்கள். இல்லாவிட்டால் நடுவில் உள்ள முகவரிப் பங்கீட்டுக் கருவி, பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்து வழியை மூடிவிடும்.

வயர்கார்டு ஊமைச்சாமி. சாவி தவறென்றாலும் சொல்லாது, போர்ட் அடைபட்டிருந்தாலும் சொல்லாது. அதனிடம் பார்க்கக்கூடிய ஒரே நாடித்துடிப்பு, கடைசியாகக் கைகுலுக்கிய நேரம். போக்குவரத்து உள்ள டனலில் ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். மூன்று நிமிடத்தைத் தாண்டிவிட்டதென்றால் டனல் இறந்துவிட்டது.

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது கடிகாரம். பெரும்பாலான சின்ன ரூட்டர்களில் கடிகார பேட்டரி இல்லை. கரன்ட் போய் வந்ததும் தேதி 1970க்கோ பழைய ஏதோ ஒரு நாளுக்கோ போய்விடும். பழைய செய்தியை யாரும் பதிவுசெய்து திரும்ப அனுப்பி ஏமாற்றக்கூடாது என்பதற்காக, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேர முத்திரையோடு வரும் கைகுலுக்கலை வயர்கார்டு சர்வர் ஒதுக்கிவிடும். சாவி சரி, போர்ட் சரி, நேற்று வரை ஓடியது, இன்று ஓடவில்லை என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். ரூட்டர் நேரம் வாங்கும் என்டிபி சர்வர் டனலுக்கு வெளியே கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். டனல் வழியாகத்தான் நேரம் வாங்க முடியும் என்று அமைத்துவிட்டால், நேரம் இல்லாமல் டனல் வராது, டனல் இல்லாமல் நேரம் வராது.

இன்னொரு வகைக் கோளாறு: டனல் ஓடுகிறது, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) போகிறது, ஆனால் ரூட்டர் பக்கத்தைத் திறந்தால் பாதியில் நிற்கிறது. இது பாக்கெட் அளவுப் பிரச்சினை. வயர்கார்டு வழக்கமாக 1420 பைட் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) எடுத்துக்கொள்ளும். அது 1500 பைட் லைனுக்கான கணக்கு. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைனில் 1492தான் கிடைக்கும். 1412 ஆகக் குறைத்தால் சரியாகும். செல்போன் நெட்டில் அப்படியும் நின்றால் 1280 வரை இறக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் அதிகம் என்று தோன்றினால் டெய்ல்ஸ்கேல் என்ற சேவையில் தொடங்கலாம். அடியில் வயர்கார்டுதான், சாவி விநியோகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அதுவும் 100 எனத் தொடங்கும் முகவரிகளையே தருவதால் மேலே சொன்ன லைன் முகவரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கணினித் திரையைப் பார்க்க எனிடெஸ்க்கோ ரஸ்ட்டெஸ்க்கோ போதும். ஆனால் அவற்றை வைத்துத்தான் ஏமாற்றுக்காரர்களும் உள்ளே வருகிறார்கள். நீங்கள் எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவீர்கள் என்று கடைக்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள். வங்கியிலிருந்து, கம்பெனியிலிருந்து என்று யார் கேட்டாலும் அந்தச் செயலி காட்டும் திரை எண்ணைக் கொடுக்கக்கூடாது என்பதையும், பணம் போனால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும் என்பதையும் கல்லாவுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டையோ மைக்ரோடிக்கை நிர்வகிக்கும் வின்பாக்ஸின் 8291 போர்ட்டையோ இணையத்தைப் பார்த்துத் திறந்து வைக்காதீர்கள். 2018இல் வின்பாக்ஸில் கண்டறியப்பட்ட ஓட்டை, கடவுச்சொல் இல்லாமலே பயனர் கோப்பைப் படிக்கவிட்டது. திருத்தம் வந்த பிறகும் மேம்படுத்தாத ரூட்டர்கள் உலகம் முழுக்கப் பிடிபட்டன. எந்தப் பெட்டியானாலும் டனலுக்குள்ளிருந்து மட்டும் நிர்வாகம் செய்வதே வழி.

நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டாதீர்கள்

தொலைவிலிருந்து வேலை செய்கிற எல்லோரும் ஒரு தடவையாவது, தாங்கள் வந்த வழியையே ஃபயர்வாலில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிகள்) அடைத்துவிட்டு விழிப்பார்கள். அது கவனக்குறைவு மட்டுமல்ல, வரிசைப் பிழை. அனுமதிக்கும் விதியை முதலில் போட்டுவிட்டு, அது வேலை செய்கிறதென்று இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே தடுக்கும் விதியைப் போட வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜன்னல் சாட்சி ஆகாது. பழைய இணைப்பைப் பல ஃபயர்வால்கள் விட்டுவிடும்.

ரூட்டரின் உள்முகவரியை மாற்றும்போதும் அப்படித்தான். பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதாதீர்கள். புதியதைக் கூடுதலாகச் சேருங்கள், அதன் வழியாக உள்ளே வாருங்கள், பிறகு பழையதை எடுங்கள்.

நல்ல கருவிகளில் இதற்கென்றே ஒரு காப்பு இருக்கிறது. மைக்ரோடிக்கில் சேஃப் மோடு பொத்தானை அழுத்திவிட்டு வேலை செய்தால், நடுவில் இணைப்பு அறுந்துபோனால் செய்த மாற்றங்கள் தாமாகவே பழையபடி திரும்பும். அறுந்ததை ரூட்டர் உணர 9 நிமிடம் வரை ஆகலாம். ஆகையால் பதறிப்போய்க் கடைக்காரரைப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லாமல் காத்திருங்கள். 100 மாற்றங்களுக்கு மேல் ஒரே மூச்சில் செய்தால் இந்தக் காப்பு கழன்றுவிடும். சிஸ்கோவில் வேலை தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' கொடுத்தால் பத்து நிமிடத்தில் பெட்டி தானே மறுபடி துவங்கும். சேமிக்காத மாற்றம் எல்லாம் மறைந்துவிடும் என்பதுதான் இதன் சூட்சுமம்; சோதிக்கும் முன்பே சேமித்துவிட்டால் பயனில்லை. எல்லாம் சரியானதும் ரீலோடை ரத்து செய்ய மறந்தால், நல்ல வியாபார நேரத்தில் பெட்டி அணைந்து எழும். ஜூனிபரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' இதே வேலையை இன்னும் நாசூக்காகச் செய்யும். இது எதுவும் இல்லாத சாதாரண வீட்டு ரூட்டர் என்றால், மாற்றத்துக்கு முன் பேக்கப் கோப்பை இறக்கிவைத்துக்கொண்டு, கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் கை வையுங்கள்.

நேரமும் முக்கியம். சம்பா நடவு, மேலுரம் போடும் வாரங்களில் உரக்கடையில் எதையும் தொடாதீர்கள். மானிய உரம் பிஓஎஸ் மெஷின் வழியாகத்தான் விற்க வேண்டும். அது கடை வைஃபையில் ஓடுவதாக இருந்தால், நெட் நின்றதும் விற்பனையும் நிற்கும், வெளியே வரிசை நீளும். ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் இருக்கும் மென்பொருள்) மேம்படுத்துவது போன்ற பெரிய வேலைகளைச் சித்திரை, வைகாசியில், மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து முடித்துவிடலாம். ஃபர்ம்வேர் எழுதும்போது கரன்ட் போனால் பெட்டி செங்கல்லாகிவிடும். யுபிஎஸ் இல்லாத இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

தலைமடையிலிருந்து கடைமடைக்கு

போன் வந்ததும் அவசரப்பட்டு "எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். சில நேரம் சரியாகும். ஆனால் காரணம் என்னவென்ற தடயமும் அழிந்துபோகும். கேள்விகள் இந்த வரிசையில் போகட்டும்.

"அக்கா, கடையில கரன்ட் இருக்கா?"

"இருக்கு தம்பி."

"ஒண்ணாம் நம்பர் பெட்டியில எத்தனை விளக்கு எரியுது? ஏதாவது சிவப்பா இருக்கா?"

"ஒண்ணு சிவப்பா மின்னுது."

"அதுக்குக் கீழ என்ன எழுத்து போட்டிருக்கு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எதையும் புடுங்க வேண்டாம்."

இந்த ஐந்து வரியிலேயே பாதித் தூரம் வந்துவிடுவோம். ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளைவிட, எண்ணவும் படிக்கவும் வைக்கும் கேள்விகள் நம்பகமானவை. "விளக்கு சரியா எரியுதா" என்றால் எல்லோரும் எரியுது என்றுதான் சொல்வார்கள்.

விளக்கே இல்லை என்றால் அடாப்டர். மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் முதலில் சாவது அதுதான். முழுதாகச் சாகாமல் பாதி செத்த அடாப்டர் இன்னும் தொல்லை. விளக்கு எரியும், நாலைந்து பேர் வைஃபையில் ஏறியதும் ரூட்டர் தானாக அணைந்து எழும். ரூட்டர் எவ்வளவு நேரமாக இடைவிடாமல் ஓடுகிறது என்ற கணக்கை அதன் நிலைப் பக்கத்தில் பாருங்கள். நேற்றிலிருந்து கரன்ட் போகாமலே அது இருபது நிமிடம் என்று காட்டினால் சந்தேகம் உறுதி. மாற்றும்போது 12 வோல்ட்டுக்கு 12 வோல்ட்டே வேண்டும். ஆம்பியர் மட்டும் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.

எல்ஓஎஸ் விளக்கு சிவப்பு என்றால் ஒளி வரவில்லை. தெருவில் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கடைக்குள்ளேயே மேசைக்காலில் மடங்கியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். மடிப்பு இல்லையென்றால் லைன் கம்பெனிக்குப் புகார் கொடுப்பதைத் தவிர நம் கையில் வேலை இல்லை. சிவப்பு இல்லாமல் அடிக்கடி விட்டுவிட்டு வந்தால், ஓஎன்டியின் நிலைப் பக்கத்தில் வந்துசேரும் ஒளியின் அளவைப் பாருங்கள். வீட்டுக்கும் கடைக்கும் வரும் வழக்கமான ஜிபான் ஃபைபர் லைனில் மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) வரை ஏற்கும். மைனஸ் 20 என்றால் நிம்மதி. மைனஸ் 26 என்றால் விளிம்பில் நிற்கிறது. ஒரு மழைக்கு விழும். அந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் லைன்மேனும் சீக்கிரம் வருவார். பச்சை முனைக்குப் பச்சை முனைதான் போட வேண்டும். நீல முனைப் பேட்ச் கார்டை (சின்ன இணைப்புக் கேபிள்) அவசரத்துக்குச் செருகினால் ஒளி வீணாகும். கழற்றிய முனையைக் கையால் துடைப்பதோ, கண்ணருகே வைத்துப் பார்ப்பதோ வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

ஒளி வருகிறது, இணையம் மட்டும் இல்லை என்றால், மானம் பார்க்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ரீசார்ஜ் முடிஞ்சுதா?"

லைன் சரி என்றால் கணினிக்குள் போய் பிங்கைக் கையில் எடுங்கள். முதலில் கேட்வே, திருத்துறைப்பூண்டி என்றால் 10.20.2.1. பிறகு 8.8.8.8. பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர். கேட்வேயே பதில் தராவிட்டால் கோளாறு கடைக்குள். கேட்வே தருகிறது, 8.8.8.8 தரவில்லை என்றால் ரூட்டருக்கு வெளியே. எண் வருகிறது, பெயர் வரவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை. ரூட்டரின் டிஎச்சிபியில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துப் பாருங்கள். நாலு பிங் எதையும் நிரூபிக்காது. 200 போடுங்கள். கேட்வேக்கே 200இல் பத்து தொலைந்தால் கடைக்குள் ஒரு கேபிளோ வைஃபையோ நோயாளி.

கணினியின் முகவரி 169.254 எனத் தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே வரவில்லை. அந்தக் கணினிக்கு மட்டும் என்றால் கேபிள். எல்லாவற்றுக்கும் என்றால் ரூட்டர் அல்லது ஸ்விட்ச். முகவரி 10.20 வரிசையில் இல்லாமல் 192.168.0 என்று வந்திருந்தால், யாரோ புது வைஃபை பெட்டி வாங்கி வந்து மாட்டியிருக்கிறார்கள். அது தன் பங்குக்கு முகவரி விநியோகிக்கிறது. "நாங்க எதுவும் மாத்தல" என்றுதான் சொல்வார்கள். பொய்யில்லை, சிக்னலுக்காகப் பெட்டி மாட்டியதை அவர்கள் மாற்றமாக நினைப்பதில்லை. அந்தப் பெட்டியில் டிஎச்சிபியை அணைத்து, 10.20.2.3 போல ஒரு முகவரி கொடுத்துவிட்டால் அது வெறும் வைஃபை பெட்டியாக அடங்கிவிடும்.

ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டால் நெட்வொர்க் மொத்தமும் திணறும். ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல மின்னுகிறதா என்று வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மின்னினால் ஒட்டிய எண்ணைப் பார்த்து ஒவ்வொரு கேபிளாகக் கழற்றச் சொல்ல வேண்டியதுதான்.

கேபிளின் உடல்நிலையைத் தூரத்திலிருந்தே ஓரளவு கணிக்கலாம். ஜிகாபிட் இணைப்புக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட் போர்ட் ஒன்று ஒருநாள் திடீரென 100 என்று காட்டினால் ஏதோ ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கிறது. வேதாரண்யத்தின் உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பூப்பதும், அரிசி ஆலையில் உமித் தூசி போர்ட்டுக்குள் அடைவதும் அங்கங்கே சகஜம். பயன்படுத்தாத போர்ட்டுகளை ரப்பர் மூடியால் அடைத்துவையுங்கள். ஆலைக்குள் தகரக் கொட்டகையும் இயந்திரங்களும் வைஃபையை மறைக்கும் என்பதால் எடைமேடைக் கணினிக்குக் கேபிள்தான் சரி. ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

எல்லாம் சரி, ஆனால் மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் கேமராவே காரணம். ஒரு கேமரா முழுத் தெளிவில் 2 மெகாபிட் எடுத்தால், முதலாளி வெளியூரிலிருந்து எட்டையும் ஒன்றாகத் திறந்ததும் 16 மெகாபிட் மேலேறுகிறது. அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் தடுமாறும். செல்போனில் பார்ப்பதற்குத் துணை ஓட்டத்தை, அதாவது குறைந்த தெளிவு காட்சியை, இயல்பாக வைத்துவிடுங்கள்.

ஒரு கணினியில் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வந்தால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கடைக்காரர் மொழியில் இதுவும் "நெட்டு வரலை"தான்.

ஐப்பசி, கார்த்திகை

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இன்னொரு தடவை நேரில் போய்வருவது செலவில்லை, மிச்சம். இடி இறங்க வேண்டியது ரூட்டர் மேலேயே என்றில்லை. அருகே விழுந்தாலே நீளமான செப்புக் கேபிளில் மின்னழுத்தம் பாயும். ஆலையிலிருந்து அலுவலகத்துக்கு, கடையிலிருந்து குடோனுக்கு என ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்புக் கேபிள் ஓடினால் அதை ஃபைபராக மாற்றிவிடுங்கள். இரண்டு முனையிலும் ஒளியையும் மின் சைகையையும் மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று போதும். கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. ஆனால் உள்ளே இரும்புக் கம்பி வைத்த கேபிளாக வாங்கிவிடாதீர்கள்.

இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, வெளியிலிருந்து வரும் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். எதைக் கழற்றுவது என்பதற்கு அந்தக் கேபிளில் சிவப்பு நாடா சுற்றிவையுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் தொலைவிலிருந்து எதுவும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: மின்சாரம் திரும்பிய உடனே எதையும் போடச் சொல்லாதீர்கள். முதல் சில நிமிடம் அழுத்தம் ஏறி இறங்கும். கால் மணி நேரம் விட்டு, ஒன்றாம் பெட்டி, இரண்டு நிமிடம் கழித்து இரண்டாம் பெட்டி, பிறகு ஸ்விட்ச், கடைசியில் கணினி. தண்ணீர் ஏறிய பெட்டி எதுவானாலும், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும், பிளக் போட வேண்டாம்.

எப்போது கிளம்புவது

செல்போன் டெதரிங் வழியாகவும் கணினிக்குள் போக முடியவில்லை, விளக்குகளின் படமும் ஒன்றும் சொல்லவில்லை, அரை மணி நேரம் ஆகிவிட்டது என்றால் கிளம்பிவிடலாம். அதற்கு மேல் போனில் இழுத்தால் கடைக்காரருக்குப் பொறுமை போகும். அடுத்த முறை நாம் கேட்கும் விளக்கை எண்ணிச் சொல்ல மாட்டார். கிளம்பும் முன் அன்று கேட்டதையும் மாற்றியதையும் தேதியோடு நோட்டில் எழுதிவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கிரிம்பிங் கருவி, ஆர்ஜே45 முனைகள் இருபது, கேபிள் டெஸ்டர், 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, இரண்டு பக்கமும் பச்சை முனையுள்ள 3 மீட்டர் பேட்ச் கார்டு, சிஆர்2032 பேட்டரி இரண்டு, ரூட்டரோடு நேரடியாகப் பேசக் கன்சோல் கேபிள், அந்தக் கடையின் பேக்கப் கோப்பு ஏற்றிச் சோதித்த மாற்று ரூட்டர். கடைசியாகச் சொன்னது ஒன்றைக் கடையிலேயே அலமாரியில் பெட்டியோடு வைத்திருந்தால் பல தடவை பஸ் ஏறவே வேண்டியிருக்காது. கேபிள்களில்தான் எண் ஒட்டியிருக்கிறதே. அக்காவே மாற்றி மாட்டிவிடுவார்.